உபயம் வேறு, பொறுப்பு வேறு: வெளிநாட்டுப் பயிற்சியாளருக்கு வேலை விசா

வெளிநாட்டிலிருந்து ஒரு விளையாட்டு வீரரையோ பயிற்சியாளரையோ சம்பளத்துக்கு அழைத்துவர வேண்டுமென்றால், அவருக்கு வேலை தரும் அமைப்பு விசாவுக்கு ஸ்பான்சராக நிற்க வேண்டும். இந்த ஸ்பான்சர் என்ற சொல் புதுக்கோட்டைப் பக்கம் இரண்டு விதமாகப் புழங்குகிறது. கிராமத்துக் கபடிப் போட்டி நோட்டீசில் முதல் பரிசு இன்னார் உபயம், சுழற்கோப்பை இன்னார் உபயம் என்று அச்சிடுவார்களே, அந்த உபயதாரரும் ஸ்பான்சர்தான். பணத்தைக் கொடுத்து, மேடையில் துண்டு போர்த்திக்கொண்டால் அவர் வேலை முடிந்தது. இன்னொரு ஸ்பான்சரை அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் குடும்பங்கள் நன்றாக அறியும். வளைகுடாவுக்குப் போன மகனின் விசாவில் பெயர் உள்ள முதலாளி, அதாவது கஃபீல். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே இருக்கவும் முடியாது, சில காலம் முன்புவரை திரும்பவும் முடியாது. வெளிநாட்டுப் பயிற்சியாளரை இந்தியாவுக்கு அழைக்கும் சங்கம் இந்த இரண்டாவது ஸ்பான்சருக்கே நெருக்கமானது. விமானச் சீட்டு எடுத்துத் தருவதும் சம்பளம் தருவதும் அதன் வேலையில் ஒரு பங்கு. பெரும்பங்கு, அந்த மனிதர் இந்த மண்ணில் இருக்கும் வரைக்கும், கிளம்பிப் போகும்போதும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு.

இந்திய விதிகளில் இதற்கு முதன்மையான வழி எம்ப்ளாய்மென்ட் விசா. மத்திய உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள், இந்த விசாவுக்குத் தகுதியானவர்களில் இரண்டு வகையினரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. தேசிய அல்லது மாநில அணிக்கோ, பெயர்பெற்ற விளையாட்டு மன்றத்துக்கோ பயிற்சியாளராக வருபவர் ஒருவர். இந்திய மன்றமோ அமைப்போ குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட வெளிநாட்டு வீரர் இன்னொருவர். ஐபிஎல் போன்ற வணிகப் போட்டிகளுக்காக ஒப்பந்தத்தில் வந்துபோகும் வீரர்களும் பயிற்சியாளர்களும் இதில் சேர மாட்டார்கள். அவர்களுக்கு பிசினஸ் விசா. இரண்டு மாதம் ஆடிவிட்டுப் பறந்துவிடுபவரையும், இரண்டு ஆண்டு தங்கி விடியற்காலையில் பிள்ளைகளை ஓடவிடுபவரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கவில்லை. அது நியாயமும்கூட. சுற்றுலா விசாவில் வந்து சம்பளத்துக்குப் பயிற்சி தருவது இரண்டிலும் அடங்காது. அது நேரடியான விதிமீறல்.

எம்ப்ளாய்மென்ட் விசாவுக்குச் சில அடிப்படை நிபந்தனைகள் உண்டு. தகுதியுள்ள இந்தியர்கள் போதிய அளவில் கிடைக்கும் வேலைக்கு இது கிடைக்காது. ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. முன்பு இதையே 25,000 அமெரிக்க டாலர் என்று வைத்திருந்தார்கள். அயல்நாட்டுச் சமையல் வல்லுநர், ஆங்கிலமல்லாத மொழிகளைக் கற்பிப்பவர் போன்ற சிலருக்கு இதில் விலக்கு உண்டு. விண்ணப்பத்தைத் தன் சொந்த நாட்டிலோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலையாகக் குடியிருக்கும் நாட்டிலோதான் போட வேண்டும். கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ ஒரு நடை போய் விசாவை மாற்றிக்கொண்டு வரும் பழைய உத்தி இங்கே செல்லாது. விசா எந்த அமைப்பின் பெயரில் வாங்கப்பட்டதோ அந்த அமைப்பில்தான் வேலை செய்யலாம். ஓர் அகாடமிக்கு வந்தவர் கருத்து வேறுபாட்டால் பக்கத்து மாவட்ட அகாடமிக்குத் தாவ முடியாது. தாவ வேண்டுமானால் ஊர் திரும்பி, புதிய அமைப்பின் தாள்களோடு முதலிலிருந்து வரவேண்டும்.

மாதக் கணக்கில் பார்த்தால் அந்தச் சம்பள வரம்பு சுமார் 1.35 லட்சம் ரூபாய். மாவட்டத் தலைநகர் ஒன்றில், கண்மாய்க்கரையிலும் பள்ளி மைதானத்திலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் மன்றங்களின் வரவு செலவோடு இதை ஒப்பிட்டால் தூரம் விளங்கும். அந்த மன்றங்கள் ஸ்பைக்ஸ் ஷூவுக்கும் முட்டைக்கும் பேருந்துக் காசுக்கும் நன்கொடை திரட்டுபவை. ஆகவே வெளிநாட்டுப் பயிற்சியாளர் புதுக்கோட்டைக்கு வருவதில்லை. புதுக்கோட்டை ஓட்டக்காரர்தான் அவர் இருக்கும் முகாமுக்குப் போகிறார்.

இதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. நெடுந்தூர ஓட்டக்காரர் கோ. லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுதளத்தின் உள்கோட்டைத் தாண்டி மிதித்ததற்காக அவர் பதக்கம் பறிபோனது. சூர்யா லோகநாதன் 2016இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் அதே இரண்டு தூரங்களிலும் பெண்கள் தங்கத்தை வென்றார். இருவரும் புதுக்கோட்டைக்காரர்கள், உள்ளூர்ப் பயிற்சியில் கால் ஊன்றியவர்கள். ஓர் இளைஞர் இந்த உயரத்துக்கு வந்ததும் தேசிய முகாம் அவரை எடுத்துக்கொள்கிறது. பெங்களூரு, ஊட்டி, பாட்டியாலா என்று முகாம்கள் நடக்கும். வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இருக்கும் இடம் அதுதான்.

அந்த முகாமுக்குப் பயிற்சியாளர் வந்துசேரும் பாதை நீளமானது. இந்தியத் தடகளக் கூட்டமைப்பு போன்ற தேசியக் கூட்டமைப்பு தனக்கு இன்ன பிரிவுக்கு இன்னார் வேண்டும் என்று கேட்கும். இந்திய விளையாட்டு ஆணையம் தகுதியையும் சம்பளத்தையும் பார்க்கும். பணம் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் உதவித் திட்டங்களிலிருந்து வரும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே விசாத் தாள்கள் நகரும். 2020 ஜூலையில் அமைச்சகம், பயிற்சியாளர் ஒப்பந்தங்களை ஒலிம்பிக் சுழற்சிக்கு ஏற்ப நான்கு ஆண்டுக் காலத்துக்குத் தரலாம் என்று முடிவெடுத்தது. அதற்கு முன் குறுகிய ஒப்பந்தங்களை நீட்டிப்பதும், நீட்டிப்புக் கடிதத்தை வைத்து விசாவை நீட்டிப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சி என்பது பயிர் மாதிரி. விதைத்தவரே அறுவடை வரை வயலில் நிற்க வேண்டும். நான்கு ஆண்டு என்ற முடிவு நல்ல முடிவு.

தமிழ்நாட்டு ஓட்டக்காரர்கள் இந்தப் பாதையின் பலனை நேரடியாகப் பெற்றிருக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் ஓடிய நால்வரில் மூவர் தமிழர்: மதுரையின் ரேவதி வீரமணி, திருச்சியின் சுபா வெங்கடேசன், லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். 400 மீட்டர் பிரிவுக்கு அப்போது பயிற்சியாளர் கலீனா புகாரினா. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக 4×100 மீட்டரில் வெண்கலம் வென்றவர், பின்னாளில் அமெரிக்காவில் பயிற்சியாளர் ஆனவர். காவிரிப் படுகையின் மும்முறைத் தாண்டல் வீரர் பிரவீன் சித்திரவேல் வேறொரு வழியில் போனார். பெல்லாரி மாவட்டம் விஜயநகரில் உள்ள தனியார் பயிற்சி மையத்தில் கியூபாக்காரர் யோவாந்திரி பெத்தான்சோசிடம் கற்றார். பெத்தான்சோஸ் 2003, 2005 உலகத் தடகளப் போட்டிகளில் இதே தாண்டலில் வெள்ளி வென்றவர். 2023இல் ஹவானாவில் பிரவீன் 17.37 மீட்டர் தாண்டி தேசியச் சாதனை படைத்தார். அங்கே ஸ்பான்சராக நின்றது அரசல்ல, ஒரு தொழில் குழுமத்தின் பணத்தில் நடக்கும் நிறுவனம்.

தனியார் ஸ்பான்சர் சென்னைக்குப் புதிதல்ல. எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் 1987இல் தொடங்கியபோதே ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி அங்கே பயிற்றுவிக்க வந்தார். 2012 வரை தொடர்ந்தார், அவருக்குப் பின் கிளென் மெக்ரா வந்தார். லில்லி ஆண்டு முழுவதும் சென்னையில் தங்கியவர் அல்லர். குறிப்பிட்ட நாள்களுக்கு வந்து, பந்து வீசும் கையையும் இடுப்பையும் திருத்திவிட்டுப் போவார். இடைப்பட்ட மாதங்களில் உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் அதைத் தொடர்வார்கள். சென்னை ஸ்குவாஷ் அகாடமியில் மலேசியாவின் மேஜர் மணியம் பல ஆண்டுகள் ஆலோசகப் பயிற்சியாளராக இருந்ததும் இப்படி உள்ளூர் ஆள்களோடு சேர்ந்து நடந்த வேலைதான். சிறிய ஊர்களுக்கு இந்த முறையில் ஒரு பாடம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒருவரைத் தாங்க முடியாத மாவட்டம், மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வழியாக ஒரு வல்லுநரைச் சில வாரங்களுக்கு வரவழைத்து, பிள்ளைகளுக்கு அல்ல, தன் பயிற்சியாளர்களுக்குக் கற்பிக்கச் சொல்லலாம். வீரர் வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார். பயிற்சியாளர் இந்த ஊரிலேயே இருப்பார்.

பொறுப்பு என்ற விஷயத்துக்கு மறுபடி வரவேண்டும், ஏனெனில் கையெழுத்துப் போடுபவர்கள் அதிகம் யோசிக்காத இடம் அதுதான். அழைக்கும் இந்திய அமைப்பு, வெளிநாட்டவரின் நடத்தைக்கும், விசாக் காலம் முடிந்ததும் அவர் நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கும் பொறுப்பு என்று வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. 2020இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த வரியின் கனத்தைக் காட்டியது. கேரளத்தின் செவன்ஸ் (எழுவர்) கால்பந்தில் ஆட ஆறு மாத விசாவில் வந்த கானா நாட்டு இளைஞர் ஒருவர், ஆட்டங்கள் குறைந்து வருமானம் சுருங்கியதும் ஊர் திரும்ப மும்பை போனார். அதற்குள் கொரோனா ஊரடங்கு வந்து விமானங்கள் நின்றன. மும்பை விமான நிலையத்திலேயே 74 நாள் கழித்தார். பாதுகாப்புக் காவலர்களும் கடைக்காரர்களும் தந்த உணவில் நாள் ஓடியது. செய்தி வெளியான பிறகே அவருக்குத் தங்குமிடம் கிடைத்தது. ஊரடங்கு யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் விசாத் தாளில் ஒரு ஸ்பான்சரின் பெயர் இருக்கிறதென்றால், அப்படிப்பட்ட நேரத்தில் தொலைபேசியை எடுத்துப் பேச ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் பொருளாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆளை இறக்கிவிட்டு, சீசன் முடிந்ததும் கைகழுவும் ஏஜென்ட் வழக்கம் கால்பந்தில் மிகவும் பரவலானது. அதனால் கெடுவது அந்த இளைஞரின் வாழ்க்கை.

இன்னொரு நிகழ்ச்சி பாட்டியாலாவில். பெலாரஸ்காரர் நிகோலாய் ஸ்னேசரெவ் 2005 முதல் இந்திய நெடுந்தூர ஓட்டத்தோடு தொடர்புள்ளவர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் பிரீஜா ஸ்ரீதரன், கவிதா ராவுத், சுதா சிங் வென்ற பதக்கங்களும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் லலிதா பாபர் 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்குப் போனதும் அவர் பயிற்சியில் விளைந்தவை. கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். 2019 பிப்ரவரியில் பொறுப்பிலிருந்து விலகினார். டோக்கியோவுக்கு முன் மறுபடி அழைக்கப்பட்டு 2021 மார்ச் 2 அன்று இந்தியா திரும்பினார். மார்ச் 5 அன்று தேசிய விளையாட்டு நிறுவன விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 72. அயல்நாட்டில் ஒருவர் இறந்தால் தூதரகத்துக்குத் தகவல், குடும்பத்தோடு பேச்சு, மருத்துவப் பரிசோதனை, உடலை அனுப்பும் தாள்கள் என்று எத்தனை வேலைகள் வரும் என்பதைப் புதுக்கோட்டையில் விளக்க வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து பெட்டியில் வந்த உடலுக்காகத் திருச்சி விமான நிலையத்தில் காத்திருந்த குடும்பங்கள் இங்கே உண்டு. வருபவரின் மருத்துவக் காப்பீடு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், உடலை ஊருக்கு அனுப்பும் செலவு ஆகியவை ஒப்பந்தத்தில் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியவை.

ஆள் வந்து இறங்கிய பிறகு நடக்கும் வேலைகள் சிறியவை, ஆனால் தவறவிடக் கூடாதவை. 180 நாளுக்கு மேற்பட்ட எம்ப்ளாய்மென்ட் விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளரே அந்தப் பதிவு அதிகாரி. 2018 முதல் இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற இணையதளம் வழியாகவே பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. தங்க இடம் தரும் விடுதியோ வீட்டு உரிமையாளரோ, ஆள் வந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். ஃபார்ம் சி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வாடகைக்கு வீடு தரும் உள்ளூர்க்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சங்கத்தின் வேலை. சொல்லாமல் விட்டால் காவல் நிலையத்துக்கு நடப்பவர் அவர்தான். மனைவி மக்கள் கூட வந்தால் அவர்களுக்கு வேறு வகை விசா, அதில் வேலை பார்க்க முடியாது. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. 1920ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம், 1939ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் ஆகிய பழைய சட்டங்களின் இடத்தை இது எடுத்துக்கொண்டது.

அந்தச் சட்டங்களுக்கும் முந்திய காலத்தில் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தபோது ஓர் ஆங்கிலேய ஆசிரியர் இங்கே வேலைக்கு வந்திருக்கிறார். இளவரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்குப் பாடம் சொல்ல அமர்த்தப்பட்ட ஃபிரெட்ரிக் ஃபீல்டன் கிராஸ்லி. விசா என்ற தாளே அன்று கிடையாது. ஆனால் ஐரோப்பியர் ஒருவரை வேலைக்கு வைக்கச் சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் அரசின் சம்மதத்தைப் பெற வேண்டியிருந்தது. மேலிடத்தின் ஒப்புதல் இல்லாமல் அயலவரை அமர்த்த முடியாது என்ற ஏற்பாடு, தாளின் பெயர் மட்டும் மாறித் தொடர்கிறது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்தியாவில் வசிக்காத வெளிநாட்டு வீரர் இங்கே விளையாடியும் விளம்பரத்தில் நடித்தும் ஈட்டும் தொகைக்கு, செலவு எதையும் கழிக்காமல் 20 சதவீதம் வரி என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஏ பிரிவு வகுத்தது. பணம் கொடுப்பவரே அதைப் பிடித்துக் கட்ட வேண்டும். இது வீரருக்கான விதி, பயிற்சியாளருக்குப் பொருந்தாது. பயிற்சியாளர் எத்தனை நாள் இந்தியாவில் தங்குகிறார், அவர் நாட்டோடு இந்தியாவுக்கு என்ன வரி ஒப்பந்தம் என்பதைப் பொறுத்து அவர் கணக்கு மாறும். கையில் இவ்வளவு வரும் என்று வாய்வார்த்தையில் சொல்லி அழைத்துவந்து, முதல் மாதமே பிடித்தம் போகக் குறைவாகக் கொடுத்து மனக்கசப்பு உண்டாக்குவதைவிட, ஒரு பட்டயக் கணக்கரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கால்பந்தில் விசாவுக்கு வெளியே இன்னொரு தாளும் வேண்டும். பன்னாட்டு இடமாற்றச் சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டு வீரரைப் பதிவுசெய்ய முடியாது. விசா வந்தும் சான்றிதழ் வராமல் வீரர் பெவிலியனில் உட்கார்ந்திருப்பதும், சான்றிதழ் வந்தும் விசா வராமல் அவர் தன் ஊரிலேயே நிற்பதும் நடக்கிற கதைதான்.

எல்லாத் தாளும் சரியாக இருந்தும் ஆட்டம் நின்றுபோன காலமும் தமிழ்நாட்டில் இருந்தது. ஈழத்துப் போரின் கொடுமைகள் மக்கள் மனத்தில் கொதித்துக்கொண்டிருந்த 2012 செப்டம்பரில், சென்னை நேரு விளையாட்டரங்கில் ஆட வந்த இலங்கைக் கால்பந்து அணியினரை மாநில அரசு திருப்பி அனுப்பியது. அவர்களை ஆட அனுமதித்த அதிகாரி பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். 2013 மார்ச்சில் முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, சென்னையில் நடந்த ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் இறங்கவில்லை. விசா தருவது மத்திய அரசு. மைதானம், காவல், ஊரின் மனநிலை எல்லாம் மாநிலத்தைச் சேர்ந்தவை. வெளிநாட்டவரை அழைக்கும் சங்கம் இரண்டு அரசுகளின் வாசலையும் தட்ட வேண்டும் என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் எல்லோருக்கும் புரிந்தது.

எதிர்த் திசையிலும் ஆள்கள் போகிறார்கள். நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயினை ஈரான் தன் பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சியாளராக அழைத்தது. 2018 ஜகார்த்தா இறுதியாட்டத்தில் அந்த அணி இந்தியாவை 27–24 என்று வென்று தங்கம் எடுத்தது. கபடி ஊறிய மண் புதுக்கோட்டை. இங்கே ஆடி முடித்தவர்களுக்கும் அப்படி ஓர் அழைப்பு வரக்கூடும். பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல் பன்னாட்டு விளையாட்டாளர் என்ற தனி விசா இருக்கிறது. அதற்கு ஸ்பான்சர் உரிமம் பெற்ற மன்றத்தின் சான்றிதழும், அந்த விளையாட்டின் தலைமை அமைப்பு தரும் ஒப்புதலும் சேர்ந்து வேண்டும். அமெரிக்காவில் பி-1 (P-1) வகை விசாவுக்கு அங்குள்ள அமைப்போ முகவரோ மனுப் போட வேண்டும். தனி வீரருக்கு ஐந்து ஆண்டு வரை கிடைக்கும். கோடைக் கிரிக்கெட்டுக்கு இங்கிலாந்து மன்றத்துக்குப் போகும் இளைஞரிடம் சுற்றுலா விசாவில் வா, பணத்தைக் கையில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது அழைத்தவர் அல்ல. அந்த மறுப்பு முத்திரை அடுத்த விண்ணப்பங்களிலும் தொடர்ந்து வரும்.

ஒப்பந்தம் முடியும்போது செய்ய வேண்டியவையும் உண்டு. விசாவை நீட்டிக்க வேண்டுமானால் காலாவதிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இடையில் வேலையை விட்டால் அதைப் பதிவு அதிகாரிக்குச் சங்கம் தெரிவிக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளம், பிடித்த வரிக்கான சான்று, வீட்டு முன்பணம், திரும்பும் விமானச் சீட்டு ஆகியவற்றை அவர் கிளம்பும் நாளுக்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறார் என்றால் சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போய், அவர் குடியேற்றச் சோதனையைத் தாண்டி உள்ளே போகும்வரை வாசலில் நிற்பது நல்லது. ஸ்பான்சரின் பொறுப்பு அந்த முத்திரை விழும்போதுதான் முடிகிறது.